அண்ணாநாட்டுச் சபைகளும் ஊராட்சி நாளும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 24ஆம் நாள் தேசிய ஊராட்சி நாளாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணம், அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் அந்நாளில் நடைமுறைக்கு வந்தமையே. ஆயினும் 2010இல் தொடங்கிய இக்கொண்டாட்டம் தமிழகத்தில் நினைவூட்டுவது பெரும்பாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத்தான்.

வந்தவாசிக்கு வடகிழக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் வைகுந்தப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றைக் கவனிக்கும் வாரியங்களுக்கு 360 நாள் பொறுப்பளித்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட வரிநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேதக் கல்வியும் வேண்டும் என்பதும், இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊராகிய பிரமதேயத்தின் சபை அது என்பதால், உழுதவரும் பெண்களும் அதில் இடம்பெறவில்லை. இதை மக்களாட்சி என அழைப்பது மிகை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தை அணுக முடியாதபடி தடுத்த விதியே, இன்றைய சட்டங்களையும் நாணச் செய்யும் அதன் மெய்யான சிறப்பு.

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலும், செய்யாறு பகுதியிலுள்ள பிரமதேசம், தன் பெயரே காட்டுவதுபோல், அத்தகைய சபையுடைய ஊராக இருந்தது. ஆனால் சபை ஒன்றே அக்காலத்து அவை அன்று. வேளாண் குடிகளின் ஊர், வணிகரின் நகரம், பல ஊர்கள் சேர்ந்த நாடு என வேறு அவைகளும் இருந்தன. அத்தகைய நாடுகளுள் ஒன்றாகப் பெண்ணையாற்றின் வடகரையில் இருந்த அண்ணாநாட்டைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலையில், கோயிற்சுவரே ஆவணக் காப்பகமாக விளங்கியது. விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளும் அமுதுபடிக்கு அளிக்கப்பட்ட நிலமும் ஊரார் கண்முன் கல்லில் ஏறியதால், கொடையைப் பெற்றவர் பின்னர் மறுக்க இயலாது போயிற்று.

மக்கள் கண்முன் நடக்கும் இத்தகைய வழக்கத்துக்கு அயலிலும் இணை உண்டு. ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவில், தின்வால்டு என்னும் பழைய நாடாளுமன்றம் ஆண்டுதோறும், வழக்கமாக ஜூலை 5ஆம் நாள், திறந்தவெளி மேட்டில் கூடிப் புதிய சட்டங்களை மக்கள் முன் அறிவித்து, அங்கேயே அவர்களுடைய முறையீட்டு மனுக்களைப் பெறும் நாளே அத்தீவின் தேசிய நாளாகும். அங்கு அவை அறாமல் தொடர்ந்து வந்தது எனக் கருதப்படுகிறது; இங்கோ இடையில் அறுந்தது. 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை, கிராமங்களைக் கடுமையாகச் சாடியிருந்த அம்பேத்கர் ஏற்றுக்கொண்டதால்தான் ஊராட்சிகளைப் பற்றிய 40ஆவது உறுப்பு உருவானது. அது கட்டளையாகாமல் நெறிமுறையாகவே நின்றமையால், கிராம சபைக்கு, அதாவது ஊரின் வாக்காளர் அனைவரும் அடங்கிய அவைக்கு, அரசமைப்பில் இடம் கிடைக்க 1993 வரை காத்திருக்க நேர்ந்தது.

தமிழக அரசு 2022 முதல் நவம்பர் 1ஆம் நாளை உள்ளாட்சி நாளாகக் கொண்டாடி, அந்நாளில் ஊராட்சிகளில் கிராம சபையையும் நகரங்களில் பகுதி சபையையும் கூட்டத் தொடங்கியது. 2024இல் சுற்றுப்புற ஊராட்சிகள் சில இணைக்கப்பட்டுத் திருவண்ணாமலை மாநகராட்சியானபோது, அவ்வூர்கள் தத்தம் கிராம சபையை இழந்து பகுதி சபைக்குரியவை ஆயின.