நாள்குறிப்பே சான்று: மாதவிடாய்ச் சுழற்சியை மனநல மருத்துவம் அறிந்துகொண்ட வரலாறு

போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையில், பரங்கிமலை–பூந்தமல்லி சாலையோரம் இருக்கிறது காட்டுப்பாக்கம். விடிவதற்கு முன்பே இந்தச் சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பெண்களில் சிலருக்காவது மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காரணம் தெரியாத அழுகையும் ஆத்திரமும் வரும். ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பும் கூடவே வரும். தீட்டு வந்த ஓரிரு நாளில் அத்தனையும் ஓய்ந்துபோகும். வீட்டில் இதற்குப் பெயர் கோபக்காரி, வேலையிடத்தில் பெயர் சோம்பேறி. மருத்துவம் இதற்குச் சரியான பெயர் வைக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. பெண் தன் உடலைப் பற்றிச் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள மறுத்ததே இந்தத் தாமதத்துக்கு முதன்மையான காரணம் என்பது என் முடிவு.

விலக்கி வைக்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. முருகன் கோயிலில் பாத்திரங்களைத் தொடாமல் ஒதுங்கி நின்ற பெண்களைப் புறநானூற்றின் 299ஆம் பாட்டு உவமையாகக் காட்டுகிறது. பாட்டின் பேச்சு குதிரைகளைப் பற்றியது. அந்தப் பெண்களின் மனநிலைக்கு அதில் இடமில்லை.

நவீன மருத்துவமும் தொடக்கத்தில் இதைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை. மாதவிடாய் பெண்ணின் ஆற்றலை வாங்கிவிடுவதால் ஆண்களுக்குரிய உயர்கல்வி அவள் நலத்தைக் கெடுக்கும் என்று 1874இல் லண்டன் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி எழுதினார். அடுத்த மாதமே ஆங்கிலப் பெண் மருத்துவர் எலிசபெத் கேரட் ஆண்டர்சன் அதை மறுத்தார். சமையற்கட்டிலும் வயலிலும் உழைக்கும் பெண்களுக்கு அந்த நாட்களில் யாரும் ஓய்வு தருவதில்லையே என்ற அவருடைய வாதத்துக்கு இன்றும் வலு குறையவில்லை. மறு ஆண்டே, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது சேர்ந்த மேரி ஷார்லீப் லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிவந்தார். திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்காக 1885இல் தொடங்கிய கோஷா மருத்துவமனைக்குக் காரணமாக இருந்தவர் அவர். அதுவே இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா மருத்துவமனை. மாட்ஸ்லிக்கு இதைவிட நேரடியான பதில் வேறு எந்த ஊரிலிருந்தும் போயிருக்குமா என்பது ஐயமே.

அறிவியல் முறையில் பதில் தந்தவர் அமெரிக்க மருத்துவர் மேரி புட்னம் ஜேக்கபி. பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்துசேர்ந்த 268 பதில்களைத் தொகுத்தார். நாடித்துடிப்பையும் அளந்தார். மாதவிடாய் நாளில் பெண்கள் வேலையை நிறுத்தவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை என்று காட்டிய அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. பெண்களையே கேட்டு எழுதும் இந்த முறையைத் தொடர்ந்திருந்தால் எவ்வளவோ துன்பம் தவிர்ந்திருக்கும். தொடரவில்லை. 1902இல் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் ‘மாதவிடாய்ப் பித்து’ பற்றித் தனி நூலே எழுதினார். 1931இல் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் மாதவிடாய்க்கு முந்தைய மன இறுக்கத்தை விவரித்தபோது, ஹார்மோன் மிகுதியே காரணம் என்று நினைத்துக் கடுமையான நோயாளிகளின் சினைப்பையில் எக்ஸ்ரே கதிர் செலுத்தவும் செய்தார்.

1953இல் மருத்துவர்கள் ரேமண்ட் கிரீனும் கேத்தரினா டால்ட்டனும் மாதவிடாய்க்கு முந்தைய இந்தத் தொல்லைகளை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக அறிவித்தார்கள். மாதவிடாயை ஒட்டித் தமக்கு வந்த ஒற்றைத் தலைவலி கருவுற்றிருந்தபோது நின்றுபோனதை டால்ட்டன் கவனித்திருந்தார். தொல்லைகளைத் தேதிவாரியாகக் குறித்துவரச் சொன்னது அவருடைய நிலைத்த பங்களிப்பு. மருந்தாக அவர் நம்பிய புரோஜெஸ்டிரோன் நிலைக்கவில்லை. அது போலி மருந்தைவிட மேலல்ல என்று 1990இல் வந்த ஆய்வு காட்டியது. மாறாக, மூளையின் செரோடோனினில் வேலை செய்யும் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் 1995இல் நல்ல பலன் தந்தது. சாதாரண மனச்சோர்வில் வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் வேலை செய்யும் மருந்து, இங்கே சில நாளிலேயே வேலை செய்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் சாப்பிட்டாலும் பலருக்குப் போதும்.

1998இல் பீட்டர் ஷ்மிட் குழுவின் ஆய்வு அடிப்படைப் புதிரை அவிழ்த்தது. சினைப்பை ஹார்மோன்களை மருந்தால் நிறுத்தியதும் பல பெண்களுக்குத் தொல்லை குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்கு ஹார்மோனை இயல்பான அளவில் திரும்பக் கொடுத்தபோது தொல்லை மீண்டும் வந்தது. இந்த நோய் இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோனால் எதுவும் ஆகவில்லை. ஆக, ஹார்மோனின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. அதை மூளை எதிர்கொள்ளும் விதம்தான் வேறு. ‘ஹார்மோன் டெஸ்ட் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லை’ என்று லேப் ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது இதனால்தான் தவறு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இந்த நோயை 1987இல் பிற்சேர்க்கையில் வைத்தது. 2013இல்தான் மனச்சோர்வு நோய்களின் வரிசையில் சேர்த்தது. பெண்கள் எல்லோரையும் நோயாளிகள் ஆக்கிவிடுவார்கள் என்ற பெண்ணியவாதிகளின் அச்சம் நியாயமானதே. ஆனால் இது மாதவிடாய் வரும் பெண்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மட்டுமே வருவது. நோய் உறுதியாவதற்கு இரண்டு மாதச் சுழற்சியின் அன்றாடக் குறிப்பு வேண்டும்.

அந்தக் குறிப்புக்குச் செலவே இல்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு, துக்கம், எரிச்சல், பதற்றம், தூக்கக் கோளாறு, உடல்வலி ஒவ்வொன்றுக்கும் இரவு படுக்குமுன் 1 முதல் 6 வரை ஓர் எண் எழுத வேண்டும். 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. தீட்டு வந்த நாளைச் சிவப்பில் வட்டமிட வேண்டும். இரண்டாம் மாத முடிவில் பக்கங்களைப் புரட்டினால், 5உம் 6உம் சிவப்பு வட்டத்துக்கு முந்தைய வாரத்தில் மட்டும் குவிந்திருக்கின்றனவா, மாதம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பரவியிருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், சிகிச்சையும் வேறாகலாம். மனநல ஆலோசகரும் இந்த நோட்டை வைத்துத்தான் எந்த வாரத்தில் எந்த நினைப்பை எப்படி எதிர்கொள்வது என்று திட்டமிட முடியும்.

தமிழ்நாட்டில் அரசின் கவனம் முதலில் நாப்கின் பக்கம் போனது. ‘புதுயுகம்’ திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களோடு கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் உள்நோயாளிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது பெருமைக்குரியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 20ஆம் பிரிவில் மனநல நிலையங்களில் பெண்களுக்கு மாதவிடாய்ப் பொருள்கள் கிடைப்பதை உரிமையாக்கியது. ஆனால் 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, நம் மாநில ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலிக்குப் பெயரோ தேதியோ இல்லாத மாத்திரைகளை அவர்களிடம் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தது வெளியே வந்தது. மனச்சோர்வும் பதற்றமும் அப்பெண்கள் சொன்ன பாதிப்புகளில் அடக்கம். குறித்துக்கொள்ளவேண்டிய உடலின் செய்தியை அங்கே விழுங்க வைத்து அடக்கியிருக்கிறார்கள்.

மனநல மருந்து சாப்பிடும் பெண்களிடமும் இதே மௌனம் உண்டு. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் தீட்டு நின்றுபோகலாம். ‘கெட்ட ரத்தம் தேங்கிவிட்டது’ என்று பயந்து மாத்திரையைத் தாமே நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். ஆகவே மனநலப் பிரிவில் ஒவ்வொரு பெண்ணிடமும் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டுச் சீட்டில் எழுதுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். படிக்கிற பெண்கள் இன்றிரவே அந்த நோட்டைத் தொடங்குங்கள். சாகத் தோன்றும் அளவுக்கு மனம் போனால் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.