வேதாளமும் எட்டு ஓநாய்களும்

குறிஞ்சிப்பாடியில் ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா நாங்க அஞ்சு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், பேச்சாலேயே கதை நகரும், சிக்கலான இடத்துல பகடை. (வீட்டில் இதுக்குப் பேர் சீட்டுக்கச்சேரி.) நடத்துறது அடியேன்.

ஒரு நாள் காட்டுச் சித்தராக ஆடும் நண்பர் எட்டு ஓநாய் ஆவிகளை வரவழைச்சுட்டார். 2014 விதிப்படி அது செல்லும். எட்டுக்கும் தனித்தனி பகடை, தனித்தனி உயிர்க்கணக்கு. ஆறு நாள் தறியில உட்கார்ந்துட்டு ஏழாம் நாள் ஆட வந்த இன்னொருத்தர், தன் முறை வரும் வரும்னு பார்த்தார். டீ குடிச்சுட்டு வர்றேன்னு போனவர் மூணு வாரம் வரவே இல்லை. நான் அப்பவே நிறுத்தியிருக்கணும்.

அந்தக் குற்ற உணர்ச்சியில பழைய விதிகளைத் தோண்டினேன். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போட்ட முதல் பதிப்பில் நெருப்பு, நீர், காற்று, மண் பூதங்களை அழைக்கலாம். ஆனா அழைச்சவன் கவனம் சிதறினா பூதம் அவன் மேலேயே பாயும். 1978 புத்தகம் இன்னும் மோசம்: கவனமாவே இருந்தாலும் இரண்டாவது சுற்றிலிருந்து சுற்றுக்கு 5 சதவீதம் திரும்பிப் பாய வாய்ப்பு. எவன் கூப்பிடுவான் சும்மா?

இது நமக்குப் புதுசா என்ன! விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தா வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடும். பதில் தெரிஞ்சும் பேசாம இருந்தா தலை வெடிக்கும். இந்தத் தமிழ் வேதாளக் கதையை பாபிங்டன் 1831லேயே இங்கிலீஷில் கொண்டுபோயிட்டார். பூதத்துக்கு ஓயாம வேலை கொடுக்கணும், இல்லேன்னா முழுங்கிடும். கடைசியில நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பிச்ச கதையை விவேகானந்தரும் சொல்லியிருக்கார். ரெண்டுலயும் சுமை கூப்பிட்டவன் தலையில.

2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் சம்மன் மான்ஸ்டர் மந்திரத்தில் வரும் பிராணி சில சுற்று சண்டை போட்டுட்டு தானா மறைஞ்சுடும். பயம் போச்சு. பதிலா கணக்கு வந்துச்சு, அந்தக் கணக்கு மேஜையில இருக்கிற மத்தவங்க நேரத்தைத் தின்னுச்சு. 2014ல் பூதம் கட்டு மீறினா எதிரியாகும்னு பழைய பயத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தாங்க, ஓநாய்களுக்கு மட்டும் அது கிடையாது. 2020ல் வெளியான புத்தகத்தில் ஒரு மந்திரத்துக்கு ஒரே ஆவி. 2024ல் ஓநாய்க் கூட்டமே மொத்தமா ஒரு மந்திர உருவம், தனித்தனி பகடையே இல்லை. கஷ்டத்தை அவங்களும் பட்டிருக்காங்க போல.

நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துப் பேயோட்டலில் எனக்குப் பிடிச்சது அனுப்பி வைக்கிற பகுதிதான். இசபெல் நபொகோவ் 1990களின் தொடக்கத்தில் இங்கே தங்கிப் பார்த்து எழுதினவர். பம்பைக்காரர் பேயைப் பேச வைப்பார். நீ யாரு, என்ன வேணும்னு கேட்பார். கோழி காவு கொடுப்பாங்க. பேய் பிடிச்சவங்க கல்லைத் தூக்கிட்டு ஓடிப் புளியமரத்தடியில போடணும், முடிக்கற்றையை மரத்துல ஆணி அடிப்பாங்க. வெறும் ஆட்டத்தோட அதை ஒப்பிடக்கூடாதுதான், அங்கே ஒருத்தியின் வாழ்க்கையே கிடக்கு. ஆனா வந்தது எப்படிப் போகும்னு அவங்க யோசிச்சு வச்சிருக்காங்க.

எங்க மேஜையில இப்போ ரெண்டு விதி. ஒரு தடவைக்கு ஒரே ஆவி. எப்படி அனுப்புவேன்னு சொல்லிட்டுத்தான் கூப்பிடணும். தறிக்காரரை வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்குச் சித்தர் ஒத்தை ஓநாயைக் கூப்பிட்டார். அது திரும்பிப் போக என்ன கேட்குதுன்னு தறிக்காரர்தான் முடிவு பண்ணினார். ரெண்டு கோழி, அதுவும் நாட்டுக்கோழி.