மலிவு விலை ரிப்பன் ஒலிவாங்கி: சிக்கனம் எங்கே விழுகிறது?

மலிவான ரிப்பன் ஒலிவாங்கி புத்தாயிரத்தின் கண்டுபிடிப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் வரலாறோ 1930களிலேயே தொடங்கிவிடுகிறது.

1920களில் ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் வகுத்த கோட்பாட்டை, அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஹாரி ஆல்சன் வானொலிக்கு உகந்த கருவியாக வளர்த்தெடுத்தார். அவ்வழியில் பிறந்த 44 வகை ஒலிவாங்கி பெரும்புகழ் பெற்றது, விலையும் மிகுதி. ஆதலால் பிபிசி, மார்கோனி நிறுவனத்துடன் இணைந்து, 1934இல் தனக்கெனக் குறைந்த செலவில் 'டைப் ஏ' ஒலிவாங்கியை உருவாக்கிக்கொண்டது.

கருவியின் அடிப்படை எளியது. சில மைக்ரான் தடிமனே உள்ள, மடிப்பிட்ட அலுமினியத் தகடு காந்த முனைகளுக்கிடையே நிற்கிறது. ஒலியால் அது அசைகையில் நுண்ணிய மின்னழுத்தம் தோன்றுகிறது. தகட்டின் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவு. எனவே மின்மாற்றியின்றி அந்தச் சைகை பயன்படாது.

பின்னர் கண்டென்சர் ஒலிவாங்கிகள் மேலோங்கியதால் ரிப்பன் பின்தங்கியது. 1998இல் ராயர் நிறுவனத்தின் ஆர்-121, நியோடிமியம் காந்தத்துடன் சிறிய உடலில் வந்து அதற்குப் புத்துயிர் அளித்தது. அடுத்த சில ஆண்டுகளில் சீனத் தொழிற்சாலைகளின் மலிவான ஒலிவாங்கிகள் பல வணிகப் பெயர்களில் சந்தைக்கு வந்தன.

வேறுபாடு தொடங்குவது இங்கேதான். அலுமினியத் தகட்டின் மூலப்பொருள் விலை அற்பம். சிக்கனம் அதைச் சுற்றியுள்ளவற்றில் விழுகிறது. மின்மாற்றியின் உள்ளகம் சிறுத்தால் தாழ்சுருதி மெலிகிறது. காந்த இடைவெளி அகன்றால் வெளியீடு குறைகிறது. பாதுகாப்புக்கென அடுக்கப்படும் கம்பிவலைகள் உச்சச்சுருதியை மழுக்குவதோடு, ஒலியை உள்ளேயே எதிரொலிக்கவும் செய்கின்றன. தகடு தடித்தால் உறுதி கூடும், துலக்கம் குறையும். தகட்டை இழுத்துப் பொருத்தும் கைத்திறனும் ஒருபடித்தாக அமைவதில்லை. ஆகவே ஒரே வகையின் இரு ஒலிவாங்கிகள்கூட வெவ்வேறாக ஒலிக்கக்கூடும்.

இவற்றுள் மின்மாற்றியையும் வலையையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். வலுக்குன்றிய காந்த அமைப்பைச் சீர்செய்வது கடினம். களத்தில் ஒரு மூதாட்டியின் மெல்லிய குரலைப் பதிவுசெய்வோருக்கு இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கமன்று. வெளியீடு குறைந்தால் முன்பெருக்கியை உயர்த்த வேண்டும். அதனுடன் இரைச்சலும் உயரும். சொல்லின் ஈற்றில் தேய்ந்தொலிக்கும் மெய்யே முதலில் அவ்விரைச்சலில் மறையும். விலைப்பட்டியல் இதனைச் சொல்வதில்லை.