கழிவு விழிப்புணர்வு இயக்கம், வேலூர்–ஆம்பூர்

வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய தோல் தொழில் ஊர்களில் பொதுமக்கள் தாமாக முன்வந்து நடத்திவரும் துப்புரவு, குப்பை தரம் பிரிப்பு, மாசு எதிர்ப்பு முயற்சிகளை இப்பெயர் குறிக்கிறது. 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இவ்வட்டாரம் இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. மூன்றுக்கும் பாலாறு பொது.

இங்கே கழிவு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது தோல் பதனிடும் ஆலைகளான டேனரிகளின் கழிவுநீர்தான். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அது உப்பும் ரசாயனமுமாக ஆற்றிலும் வயலிலும் இறங்க, கிணறுகள் கெட்டன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதானது. இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்து, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றான இத்தீர்ப்பு ஓர் ஊர்க் குடிமக்கள் சேர்ந்து பெற்றது என்பதை மறக்கக் கூடாது.

வீட்டுக் குப்பையின் கதை வேறு. 1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். தெருக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் மாதச் சந்தா போட்டு, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆள் வைத்தார்கள். தெரு சுத்தமானது. ஆனால் குப்பை போய்ச் சேர்ந்த இடம் மாறவில்லை. அந்தக் குப்பைமேட்டையே இல்லாமலாக்கும் வழியைத் தேடியவர் வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன். இவரது திட, திரவ வள மேலாண்மை முறையில் குப்பை என்ற சொல்லுக்கே இடமில்லை, எல்லாம் வளம்.

இம்முறையின் உயிர் நேரத்தில் இருக்கிறது. காலையில் அரிந்த கீரைத்தண்டும் வாழைப்பழத் தோலும் அன்றே கைக்கு வந்தால் மாட்டுக்குத் தீனி. பிளாஸ்டிக் பையில் கட்டி மறுநாள் வரை வைத்தால் அதுவே நாற்றமும் புழுவும். அதனால் மக்கும் பொருளுக்குப் பச்சைக் கூடை, மற்றதற்குச் சிவப்புக் கூடை, நாளுக்கு இருமுறை வண்டி. வண்டி வந்து சேரும் கொட்டகையில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் காகிதம், கண்ணாடி, தகரம், பால் கவர் என்று வகைவகையாகப் பிரிக்கிறார்கள். தின்னத் தக்கது மாட்டுக்கும் கோழிக்கும் வாத்துக்கும் போகிறது. மிச்சம் சாணத்தோடு சேர்ந்து உரமாகிறது. 2014இல் ‘சத்யமேவ ஜெயதே’ தொலைக்காட்சித் தொடர் இதை நாடறியச் செய்தது. சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் இம்முறையைப் பின்பற்றித் தன் குப்பைமேட்டையே மூடியது.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. பிரியாணிப் பொட்டலம் தெருவுக்குத் தெரு கைமாறும் ஆம்பூரில், பாத்திரம் கொண்டுபோய் வாங்கும் பழைய வழக்கம் திரும்பினாலே குப்பை குறையும்.

காலணித் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதிக்கே உரிய சிக்கல் தோல் துண்டுகள். குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோல் எளிதில் மக்காது என்பதால் உரக்குழிக்கு ஆகாது. எரித்தால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் கொண்ட வடிவத்துக்கு மாறக்கூடும். பாலாற்றுப் படுகையில் துப்புரவுக்கு இறங்குவோர் கையுறையோடு இதைத் தனிச் சாக்கில் சேர்க்க வேண்டும்; வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் குவித்துத் தீ வைப்பது பெருந்தவறு. அந்தச் சாக்கை அகற்றும் செலவு தோலை வெட்டிய தொழிற்சாலையைச் சேர்ந்தது, தன்னார்வலர்களை அல்ல.

1996 தீர்ப்பின் ஈட்டுத்தொகை பலரை வந்தடையாமலே ஆண்டுகள் ஓடின. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.