ஏவுவோர் இல்லாப் படைக்கலம்

அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்தில் ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு மக்கள் திரளாக நீராடுவர். இலங்கையை எரித்த அனுமன் வால்நெருப்பை அங்கே அவித்தான் என்றொரு கதையும் வழங்குகிறது. அந்த இராமகதை 1996இல் ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்திலும் ஒலித்தது. அணுவாயுதம் பற்றி மாறுபட்ட கருத்தெழுதிய இலங்கை நீதியரசர் வீரமந்திரி, படைக்கலம் ஏந்தாதாரையும் அழிக்கும் கருவியை இலக்குவன் விடாதபடி இராமன் தடுத்ததைச் சான்று காட்டினார்.

நேயர்களே, அணுகுண்டுக்கேனும் அதனை ஏவும் கை ஒன்றுண்டு. இலக்கைத் தானே தேர்ந்து தாக்கும் பொறிக்கு அதுவுமில்லை. அதன் மூதாதை கண்ணிவெடி எனலாம். மிதிப்பவர் போர்வீரரா, மாடு மேய்க்கும் சிறுவரா என்று அது வினவுவதில்லை. நங்கூரமின்றி மிதக்கும் கடற்கண்ணி, இட்டவரின் கட்டுப்பாட்டை விட்டகன்ற ஒருமணி நேரத்துள் செயலிழத்தல் வேண்டும் என 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதித்தது. எத்துணைத் தெளிவான விதி! நிலக்கண்ணிவெடியைத் தடுக்கும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல்தான் பிறந்தது. இலங்கை அதில் இணைந்ததோ, போர் ஓய்ந்து எட்டாண்டு கழிந்து, 2017இல். மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டமென அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டே.

தானியங்கிப் படைக்கலம் குறித்து ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் கூடிப் பேசின. மனிதக் கட்டுப்பாடு என்னும் தொடருக்குப் பொருள் காண்பதிலேயே பல அமர்வுகள் கழிந்தன. இதனை விரைந்து கவனித்தல் வேண்டுமென 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றிற்று.