சியாமளி என்னும் மண்மனை

கிராமச் சூழலில் புதிதாக ஒரு வீடு எழுப்ப வேண்டும். அது பழைய பாணியில் அமையவும் வேண்டும். அண்டை வீடுகளோடு இசையவும் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே விரும்பியவர்களுள் கவி இரவீந்திரநாத தாகூரும் ஒருவர். அவர் தம் முதுமையில் சாந்திநிகேதனத்தில் கட்டுவித்த 'சியாமளி' என்னும் மண்வீட்டின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

சாந்திநிகேதனம் அமைந்துள்ள பீர்பூம் மாவட்டம் செம்மண் பூமி. அங்குள்ள சிற்றூர்களில் சந்தால் மக்களும் பிறரும் மண்ணைக் குழைத்துச் சுவரெழுப்பி, மேலே வைக்கோல் வேய்ந்து வாழ்ந்தனர். கோடையில் அவ்வீடுகள் குளிர்ச்சி தரும். கூரையில் தீப்பொறி விழுந்தாலோ தெருவே எரியும். கூரையையும் மண்ணாலேயே அமைத்தால் ஏழைக்கு அவ்வச்சம் நீங்குமன்றோ என்று கவிஞர் கருதினார். 1922ஆம் ஆண்டு ஸ்ரீநிகேதனத்தில் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கியவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

வடிவமைக்கும் பொறுப்பைச் சுரேந்திரநாத் கர் ஏற்றார். அருகிலுள்ள 'உதயன்' மாளிகையிலும் அவர் கைவண்ணம் உண்டு; ஆனால் அது செல்வர் மனை. சியாமளியிலோ சுவரும் மண், கூரையும் மண். சுவரினுள் வெறும் பானைகளை அடுக்கிப் பொதித்தனர்; அவற்றுள் அடைபட்ட காற்று வெயிலின் கொடுமையைத் தணித்தது. வாயிலின் வளைவு பழைய பௌத்தச் சைத்தியங்களை நினைவூட்டும். நந்தலால் போஸின் வழிகாட்டலில் கலாபவன மாணவர்கள் சுவர்ப்புறத்தில் புடைப்புருவங்கள் சமைத்தனர். இராம்கிங்கர் பைஜ் வாயிலருகே சந்தால் மாந்தரை உருவாக்கினார். 1935ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று கவிஞர் அங்குக் குடிபுகுந்தார். சியாமளி என்பதைக் 'கருநிறத்தாள்' என்று தமிழில் கூறலாம். ஆயினும் அப்பெயரிலுள்ள பசுமையின் சாயல் நம் மொழிபெயர்ப்பில் நழுவிவிடுகிறது.

இவ்வீடு ஊரோடு இசைந்தது சைத்திய வளைவினால் அன்று என்பதே நம் கருத்து. அவ்வளவில் அது கற்றோர் கண்ட பழமை. உழவன் தன் வீடென அடையாளம் காணத்தக்கது அச்சுவரே. கூரையின் கதை வேறு. வைக்கோற் சரிவு மழையை உடனே வழித்துவிடும். மண்கூரையோ நீரைக் குடிக்கும். வங்கத்துப் பருவமழையின் கீழ் அதனைக் காக்க ஓயாத பராமரிப்பு வேண்டும். அத்தகைய ஓய்வு உழவனுக்கு ஏது? பீர்பூம் சிற்றூர்கள் அதனைப் பின்பற்றவில்லை. வைக்கோலையும், பின்னர்த் தகரத்தையுமே நம்பின. கவிஞரும் 1936ஆம் ஆண்டிலேயே 'புனஸ்ச' என்னும் வேறொரு வீட்டை அமைத்துக்கொண்டார். அதற்குக் கூரை ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. ஒரே மனையில் நெடுநாள் தங்குவது அவர் இயல்பன்று.

1940ஆம் ஆண்டு காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் சாந்திநிகேதனத்துக்கு வந்தபோது சியாமளியிலேயே தங்கினர். 2023ஆம் ஆண்டு சாந்திநிகேதனம் உலக மரபுரிமைச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மண்வீட்டைக் காப்பதற்குப் பட்டயம் போதாது. மண் பூசத் தெரிந்த கை வேண்டும். சந்தால் பெண்கள் இன்றும் சோராய் விழாவுக்கு முன்னர்த் தம் வீட்டுச் சுவர்களைப் புதுமண்ணால் மெழுகி வருகின்றனர்.