பிரேக் பேட் லைட் எரியுது... கொல்கத்தாவில் இருந்து சென்னை வரைக்கும் ஓட்டலாமா?

பூஜா லீவு. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலையை முடித்துவிட்டு, மறுநாள் அதிகாலை காரை எடுத்து, டங்குனியில் என்.எச். 16-ல் ஏறி ஊருக்குக் கிளம்புகிறீர்கள். காரக்பூர் தாண்டும்போது டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு வட்டம், இரண்டு பக்கமும் விட்டு விட்டு வளைகோடுகள். பிரேக் என்னவோ நன்றாகத்தான் பிடிக்கிறது. கொல்கத்தா சுமார் 130 கி.மீ. பின்னால், சென்னை 1,500 கி.மீ.க்கு மேல் முன்னால். திரும்பணுமா, போயிடலாமா?

எரிவது எந்த லைட்?

அந்த மஞ்சள் வட்டம், பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்லும் லைட். பி.எம்.டபிள்யூ போன்ற கார்களில் பேடுக்குள் ஒரு சின்ன ஒயர் புதைத்திருப்பார்கள். பேட் அந்த அளவுக்குத் தேய்ந்ததும் டிஸ்க் ஒயரை அறுத்துவிடும், சர்க்யூட் கட் ஆகும், லைட் எரியும்.

இந்தியாவில் அதிகம் விற்கும் சின்ன கார்கள் பலவற்றில் இந்த சென்சாரே கிடையாது. அதற்குப் பதில் பேடில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசி 'கீச்'சென்று கத்தும். ஏ.சி. போட்டு, கண்ணாடி ஏற்றி, பாட்டும் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அது கேட்பதே இல்லை.

சிவப்பில் ஆச்சரியக்குறி எரிந்தால் கதை வேறு. ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அணையவில்லை என்றால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது லீக் இருக்கலாம். ஓரமாக நிறுத்த வேண்டியதுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

புது பேடில் தேயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் மாற்றச் சொல்வார்கள். உங்கள் காரில் 40,000 கி.மீ.க்கு 8 மி.மீ. தேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கி.மீ.க்கு 0.2 மி.மீ. அப்படியானால் சென்னை வரை 0.3 மி.மீ. சொச்சம்தான் போகும். தாராளமாகப் போகலாம் போலத் தெரிகிறது.

ஆனால் சராசரி எப்பவுமே ஏமாற்றும். பெரும்பாலும் முன்பக்கம் ஒரு சக்கரம், பின்பக்கம் ஒரு சக்கரம், இவற்றில்தான் சென்சார் இருக்கும். அதாவது, லைட் சொல்வது அந்த ஒரு பேடின் நிலவரம் மட்டும். எதிர்ப்பக்க சக்கரத்தில் காலிப்பர் இறுகியிருந்தால், அங்கே பேட் எப்போதோ தீர்ந்துபோய் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கலாம். ஒரே சக்கரத்தில்கூட உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

இன்னொன்று வேகம். ஹைவேயில் பிரேக் போடும் தடவைகள் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் பளு அதிகம். 1,500 கிலோ கார் 50 கி.மீ. வேகத்தில் இருந்து நிற்க, பிரேக் சுமார் 1.45 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 100 கி.மீ. வேகம் என்றால் 5.8 லட்சம். வேகம் இரண்டு மடங்கு, வெப்பம் நாலு மடங்கு. பேட் மெலிந்திருந்தால் அந்த வெப்பம் சீக்கிரமே பிரேக் ஆயிலுக்கு ஏறிவிடும்.

தெற்கே போகாமல் வடக்கே, டார்ஜிலிங் போகிறீர்கள் என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது: பேடை மாற்றாமல் மலை ஏறாதீர்கள். ஏறுவது பிரச்னை இல்லை, இறங்குவதுதான். டார்ஜிலிங்கில் இருந்து சிலிகுரிக்கு உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். அதே 1,500 கிலோ கார் அங்கிருந்து இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்தில் இருந்து 48 முறை முழுசாக நிற்பதற்குச் சமம். லோ கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட எல்லாமே பேட் தலையில். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்கத்தா காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஆயில் கொதித்தால் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது.

ஆயிலை ஊற்றி லைட்டை அணைக்கும் வித்தை

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால்தான் சென்சார் இல்லாத கார்களில் வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு லைட் கண் சிமிட்டும். ஒருமுறை என் காரில் இப்படி ஆனபோது, ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. ஆயிலை ஊற்றினார், லைட் அணைந்தது, "ஓகே" என்றார். லைட்டோடு எனக்கிருந்த ஒரே தகவலும் போய்விட்டது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190: ஆபத்து உண்டாக்கும் கோளாறு இருப்பது தெரிந்தோ, சாதாரண கவனம் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ பொது இடத்தில் வண்டி ஓட்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய் வரை. அதனால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல, எரிந்த லைட் விடாது.

சரி, காரக்பூரில் என்ன செய்வது?

பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, டிஸ்க் சூடு ஆறட்டும். அலாய் வீல் இடுக்கு வழியாக போன் டார்ச் அடித்தால் வெளிப்பக்க பேட் தெரியும். 3 மி.மீ. என்பது இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய தடிமன். அதற்குக் கீழே இருந்தாலோ, கரகர சத்தம் வந்தாலோ, பெடல் ஆழமாகப் போனாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ டோ வண்டியைக் கூப்பிடுங்கள். இது எதுவும் இல்லையென்றால், இடைவெளி விட்டு மெதுவாக, பேட் கிடைக்கும் பக்கத்து ஊர் வரை ஓட்டலாம். பரவலாக ஓடும் மாடல் என்றால் காரக்பூரிலேயே வேலை முடிந்துவிடும். சென்சார் வைத்த சொகுசு கார் என்றால், 300 கி.மீ. தள்ளியிருக்கும் புவனேஸ்வரை விட கொல்கத்தாதான் பக்கம். ஒரு நாள் லீவு போகும், போகட்டும்.

மாற்றும்போது ஒரே ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அறுந்த சென்சாரை மறுபடி பயன்படுத்த முடியாது, புதுசு போட வேண்டும். சிலர் இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்து லைட்டை அணைத்துவிடுவார்கள், அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை சில முறை மிதியுங்கள். புது பேட் டிஸ்கோடு பொருந்த முதல் 200, 300 கி.மீ. ஆகும். பாலேஸ்வர் தாண்டும் வரைக்குமாவது திடீர் பிரேக் வேண்டாம்.